டச்சிங் வேண்டாம்

முதல் படம் மதுரையில்.
இழு, பிடி, விடாதே என்றது
குழாய்க்குள் ஒரு பதிவுசெய்த குரல்.
தெருவே கரண்ட் போய்க் கிடக்கையில்
இன்வெர்ட்டர் உள்ள நாலு வீடு மட்டும் எரியுமே,
அப்படி இருந்தேன்.
முதுகெலும்பில் மூன்று வீடு. இடுப்பில் ஒன்று.

எலும்புப் புற்றா என்றேன்.
இல்லை, மார்புப் புற்றுதான்,
எலும்புக்கு வந்திருக்கிறது என்றார் டாக்டர்,
எனக்குப் புரியாதென்று நினைத்து இரண்டு தடவை.
கொண்டுவிக்கப் போய் ரங்கூனில் ஐம்பது வருஷம் கிடந்தாலும்
மாத்தூர்க் கோயில்காரர் மாத்தூர்க் கோயில்தான்.
எங்கள் பக்கம் இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது படம் காரைக்குடியில்,
மின்வாரிய அலுவலகம், மூன்றாம் கவுண்டர்.
லூர்துராஜ் எடுத்தான்.
கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட்,
கண்ணீர் அஞ்சலிக்குப் பழைய குரூப் போட்டோவிலிருந்து
தலையை மட்டும் பிரித்தெடுத்தல்
எல்லாம் செய்கிறவன்.
அவன் ஸ்டெல்லா எனக்கு அடுத்த நாற்காலியில்தான்
மருந்து ஏற்றிக்கொண்டாள்,
போன ஆடி வரை.
அவளை ஒழுங்காக ஒரு படம் எடுக்கலை ஆச்சி என்றான்.
அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.
பதினோரு பேரை எடுக்க வேண்டும், நான் நாலாவது.

கானாடுகாத்தானில் ஒரு வீடு நாள் வாடகைக்குக் கிடைக்கும்,
தேக்குத் தூண், ஆத்தங்குடித் தரை,
முற்றத்தில் வெளிச்சம் கொட்டும் என்றான்.
மாப்பிள்ளையும் பெண்ணும் சாய்ந்து நிற்கிற தூண்தானே,
அது என்னைவிட அழகு, வேண்டாம் என்றேன்.
இங்கேயே எடு.
கண்ணாடியில் இந்த அரைவட்ட ஓட்டை வழியாகத்தான்
பதினாறு வருஷமாக ஊர் என்னைப் பார்க்கிறது,
குனிந்து, சில்லறையோடு.

மூச்சை விடுங்க என்றான் இவன்.

பார்த்தால் தெரியவே இல்லையே என்பார்கள்.
நல்லாத்தானே இருக்கே என்பார்கள்,
ஏதோ நான் ஏமாற்றிவிட்டதுபோல.
எப்போது முடியும் வைத்தியம் என்பார்கள்.
முடியாது. மருந்து கேட்கிற வரை மருந்து,
அது கேட்காவிட்டால் வேறு மருந்து.
அதற்கு நடுவில் செவ்வாய்க்கிழமைகள் வரும்,
மிளகாய் காயப்போட வேண்டும்,
மகனுக்கு ஹாஸ்டல் பணம்.

ராத்திரி படத்தை அனுப்பினான்.
பத்து வயது குறைந்திருந்தேன்.
உதிர்ந்த புருவம் முளைத்திருந்தது.
கழுத்தெலும்புக்குக் கீழே
ஊசி குத்தத் தோலுக்குள் வைத்த போர்ட்டின் மேடு,
என் எட்டணா அகல மேடு,
அதைக் காணோம்.
போன் போட்டேன்.
லூர்து, அதை எங்கே வைத்தாய்?
வெகுநேரம் சத்தமில்லை.
கைப்பழக்கம் ஆச்சி என்றான்.
எடுத்த இடத்தில் வை.

போஸ்டரில் இன்னொரு சிக்கல்.
இரண்டாம் நிலை மார்பகப் புற்றுநோய் என்று அச்சடித்திருந்தார்கள்.
படித்தவரெல்லாம்
ரெண்டாவது ஸ்டேஜ்தானே, காப்பாத்திரலாம் என்றார்கள்
ஆறுதலாக.
தமிழே என்னைக் கைவிட்ட இடம் அது.
அடித்துவிட்டு நானே எழுதிக் கொடுத்தேன்:
சிகப்பி, 47.
மார்பிலிருந்து எலும்புக்குப் போயிருக்கிறது.
திரும்பிப் போகாது.
நான் வேலைக்கு வருகிறேன்.

கவுண்டருக்குப் பக்கத்துத் தூணில் ஒட்டினார்கள்.
முதல் வாரம் அதன்மேல் யாரோ
வீட்டுமனை நோட்டீஸ் ஒட்டினார்கள்.
கிழித்தேன்.

நேற்று கோட்டையூர்க்காரர் ஒருவர்
போஸ்டரைப் பார்த்தார், குனிந்து என்னைப் பார்த்தார்.
இது நீங்களா?
ஆமா.
இப்ப சரியாயிருச்சா?
இல்லை. நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய், சில்லறை இருக்கா?
கொடுத்தார். போனார்.
கையில் அட்டையில்லாமல் திரும்பி வந்து
வரிசையில் குறுக்கே நின்றார்.
பின்னால் சத்தம் போட்டார்கள்.

தங்கச்சிக்கு ஆபரேஷன் ஆகி ஆறு வருஷம், என்றார்.
ரெண்டு மாசமா முதுகு வலிங்கிறா.
தைலம் தேய்ச்சுக்கிட்டிருக்கோம்.

கவுண்டர் மூடியிருக்கிறது என்ற பலகையை
ஓட்டையில் சாய்த்துவிட்டு,
இடுப்பு பெல்ட்டை ஒரு கண்ணி இறுக்கிக்கொண்டு
வெளியே வந்தேன்.